சின்னக் கார்க்

1. நின்றவர்

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா.

ஹெட் சிஸ்டர். பாலக்காட்டுக்காரர்.

சென்னிமலை ரங்கம்மாள். தறிக்காரர் வீடு.

ரங்கம்மாளின் வீட்டுக்காரர் வையாபுரி. அவர் கதவுக்கு வெளியே.

நான். மாராத்தாள். ரேடியம் அறை ஆயா.

மாடியில், ரேடியம் அறைக் கட்டிலில், கோபிச்செட்டிபாளையத்து நாச்சாத்தாள். அவர் வீட்டுக்காரர் குப்பண்ணக் கவுண்டர் மாடிப்படிப் பக்கம் சோற்றுத் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் படிக்கும் பிள்ளைகள் பழைய ரேடியம் அறையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். பார்த்ததை எழுதுகிறேன். கோயமுத்தூருக்கு பைக்காரா கரண்ட் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கர்ப்பப்பை வாயில் புற்று வந்த பொம்பளைகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்தார்கள்.

ஓ.பி. அறையில் பெஞ்சு இருந்தது. ரங்கம்மாள் உட்காரவில்லை.

"உக்காருங்க அம்மணி" என்றார் டாக்டரம்மா.

"இருக்கட்டுங்க. நிக்கறனுங்க."

அவருக்கு ரேடியம் வைத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் மாதம் வந்து காட்டினார். கட்டி கரைந்திருந்தது. பிறகு வரவில்லை. வராதவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கனுங்க. சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"பஸ்ஸிலயா?"

"ஆமாங்க. நின்னுட்டே வந்துட்டனுங்க."

"பஸ்ஸில எடமில்லையா?"

"எடமெல்லாம் இருந்துச்சுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து ரங்கம்மாளின் கையைப் பிடித்தார். திரைக்குப் பின்னால் கூட்டிப்போகச் சொன்னார்.

நான் சேலையை விலக்கினேன். உள்ளே மடித்து மடித்து வைத்த துணி. பழைய வேட்டி கிழித்தது. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருந்தார். எல்லாம் நனைந்திருந்தது. மூத்திர வாடை. தொடை இரண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது.

"ஏம்மா இதைச் சொல்லலை?" என்றேன்.

"டாக்டரம்மாளுக்கு எத்தனையோ சோலி இருக்குமுங்க. இதப்போயி சொல்லீட்டு."

டாக்டரம்மா விளக்கைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். கட்டி இல்லை. சுத்தமாகப் போயிருந்தது. கட்டி இருந்த இடத்துக்கு முன்பக்கம், மூத்திரப் பைக்கும் பிள்ளை வரும் வழிக்கும் நடுவில் இருக்கும் சதை வெந்து ஓட்டையாகியிருந்தது. விரல் நுழையும் ஓட்டை. இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் புதுத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்து கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"இவங்களுக்கு என்ன போட்டோம் சிஸ்டர்?"

"எல்லாருக்கும் போட்டதுதான் டாக்டர். அதே ரேடியம் குழாய். அதே மணிக்கணக்கு. கார்க் மட்டும் சின்னது."

டாக்டரம்மா தண்ணீர்க் குழாயை மூடினார். கையைத் துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாடியில இருக்கறவங்களுக்கு?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கார்க்குக்கு மெழுகு பூசிக் கொடுத்தவள் நான்.

"சின்னதுதானுங்க" என்றேன்.

2. கார்க் எதற்கு

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது தெரியாது. சொல்கிறேன்.

ரேடியம் ஒரு சின்னக் குழாய்க்குள் இருக்கும். பாதித் தீக்குச்சி நீளம். அதை அப்படியே உடம்புக்குள் வைக்க முடியாது. ஒரு கார்க்குக்குள் துளை போட்டுச் செருகுவோம். மேலே மெழுகு. கார்க்கில் ஒரு நூல், இழுத்து எடுக்க. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, நடுவில் கர்ப்பப்பைக்குள் ஒன்று. சுற்றிலும் பஞ்சுத் துணி அடைத்து நகராமல் செய்வோம். மணிக்கணக்கு முடிந்ததும் எடுப்போம்.

கார்க் சீமையிலிருந்து ரேடியத்தோடு வந்தது. பெரியது, நடுத்தரம், சின்னது. மூன்று அளவு. உடம்புவாகைப் பார்த்துப் பொருந்துவதை வைப்போம். கார்க்கை நாங்கள் ஒரு உறை என்றுதான் நினைத்தோம். மருந்து உள்ளே, உறை வெளியே. உறை எந்த அளவு இருந்தால் என்ன?

ஆனால் ரேடியத்தை எண்ணுவோம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது மூன்று பேர் சத்தமாக எண்ணுவோம். டாக்டரம்மா எண்ணுவார். சிஸ்டர் எண்ணுவார். நான் எண்ணுவேன். திரும்ப வைக்கும்போதும் அப்படியே. ஒரு குழாய் தொலைந்தால் ஆஸ்பத்திரிச் சாக்கடை முழுக்கச் சல்லடை போட வேண்டும். அதனால் அத்தனை பயம். இத்தனை குழாய், இத்தனை மணி. அதுதான் எங்களுக்கு மருந்தின் அளவு. கார்க்கின் அளவை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ரங்கம்மாளுக்கு வைத்த அன்று நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். வையாபுரி ரேடியம் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதையா உள்ள வெக்கப் போறீங்க?"

"ஆமா."

"இத்தச்சோடு பெருசா? அவ கோழிக்குஞ்சாட்ட இருப்பாளுங்க."

அதற்குள் சிஸ்டர் வந்தார். அவர் சிஸ்டரைக் கும்பிட்டார்.

"சிஸ்டரம்மா, அந்தக் கடைசில கெடக்குதே பொடிசு, அத வெச்சு உடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க. நோவு தாங்க மாட்டா."

சிஸ்டர் சிரித்தார். "உங்க தறியில நான் வந்து அளவு சொன்னா கேப்பீங்களா?"

"நீங்க சொன்னா நாலு இழ சேத்தியே போடுவனுங்க."

சிஸ்டர் உள்ளே வந்து பெரியதை வைத்துப் பார்த்தார். இடம் போதவில்லை. நடுத்தரமும் போகாமல் சிக்கியது. சின்னது சுலபமாகப் போனது. டாக்டரம்மாவிடம் சொன்னார். "பொருந்தறதைப் போடுங்க" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் பேச்சு.

பெரிய கார்க் வைத்தவர்கள் அடைப்புத் தாங்காமல் கத்துவார்கள். என்னைத் திட்டுவார்கள். என் பரம்பரையைத் திட்டுவார்கள். ரங்கம்மாள் ஒரு சத்தம் போடவில்லை. எடுக்கும்போது, "உங்களுக்குத்தானுங்க சிரமம்" என்றார்.

ஏழெட்டு மாதம் கழித்து வந்த நாச்சாத்தாளுக்கு நடுத்தரம் வைத்திருக்கலாம். கொஞ்சம் இறுக்கம், ஆனால் போகும். சிஸ்டர் அதைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அந்தச் சென்னிமலை அம்மா சத்தமே போடலை இல்லையா? இவங்களுக்கும் அதையே போடுவோம். எதுக்கு வீணா கஷ்டப்படுத்தணும்."

சிஸ்டர் நல்லவர். அதனால்தான் அப்படிச் செய்தார்.

3. பிலிம்

டாக்டரம்மா ஓடி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஓடினார். பாதி மாடிப்படி ஏறி நின்றுவிட்டார். சிஸ்டரும் நானும் பின்னால்.

"இப்ப எடுத்துடலாமா டாக்டர்?" என்றார் சிஸ்டர்.

"கார்க்குனாலதான்னு நான் நினைக்கறது தப்பா இருந்தா? பாதியில எடுத்தா கட்டி மிஞ்சிடும். அந்தம்மா கட்டியோட போயிடுவாங்க."

"எடுக்கலைன்னா?"

டாக்டரம்மா கீழே ஓ.பி. அறைப் பக்கம் பார்த்தார்.

"வா மாராத்தா" என்று எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். அங்கே வேலை செய்பவர் அன்றைக்கு இல்லை. டாக்டரம்மாவே இருட்டில் ஒரு பிலிமை எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் சுற்றினார். ஈயப் பெட்டியில் மிச்சம் இரண்டு குழாய் இருந்தது. இரண்டும் ஒரே பலம். நான் நீள இடுக்கியால் எடுத்தேன். ஒன்றைப் பெரிய கார்க்கில் செருகினேன். ஒன்றைச் சின்னதில். இரண்டையும் பிலிம் மேல் ஓரத்துக்கு ஒன்றாகப் படுக்க வைத்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் வைத்தோம். ஒரே நேரத்தில் எடுத்தோம்.

பிலிமை மருந்தில் அலசி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

பெரிய கார்க் இருந்த ஓரத்தில் ஒரு சாம்பல் கறை. மங்கலாக, மழை மூட்டம் மாதிரி.

சின்னது இருந்த ஓரத்தில் கரி. சட்டியின் அடி மாதிரி.

நான் ஏதோ மருந்து கொட்டிவிட்டது என்று நினைத்தேன். "இது கறை பட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "அதுதான் சின்னக் கார்க்."

ஒரே ரேடியம். ஒரே நேரம். அந்தக் கரி மாடியில் ஒரு பொம்பளையின் வயிற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா அந்த அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டுக்கரைச் சேலை, ஈரத் தரை. கவனிக்கவில்லை.

"சீமைப் புஸ்தகத்துல மணிக்கணக்கு போட்டிருக்கு மாராத்தா. அவங்க ஊர்ப் பொம்பளைகளுக்குப் பெரிய கார்க்தான். அதுக்குப் போட்ட கணக்கு. நான் அதை எல்லாக் கார்க்குக்கும் எடுத்துக்கிட்டேன்."

பிலிமின் ஈர ஓரத்தில் விரலால் ஏதோ அளந்தார்.

"சின்னதுல ரேடியம் சதைக்குக் கிட்டப் போயிடுது. ஒட்டி இருக்கற சதைக்கு ரெண்டு மடங்குக்கு மேல போகுது. சரி, தள்ளி இருக்கற கட்டிக்கும் ரெண்டு மடங்கு போகுதான்னா, அதுவும் இல்லை. கிட்ட இருக்கறதுதான் வேகுது. பெரிய கார்க்குல சதை தள்ளி நிக்கும். அதனாலதான் அத்தனை மணி வெச்சாலும் தாங்குது."

"நாச்சாத்தாளுக்கு எவ்வளவு ஆச்சுங்க?"

"வழக்கமான மணியில பாதிக்கு மேல ஆயிடுச்சு."

எழுந்தார்.

"போதும். இப்பவே எடுக்கணும்."

4. பட்டப்பகலில் விளக்கு

மாடிப்படியில் குப்பண்ணக் கவுண்டர் வழி மறித்தார். நாங்கள் மூன்று பேரும் ஓடியதை அவர் பார்த்திருந்தார்.

"என்னங்க, என்ன சமாச்சாரம்?"

"ரேடியத்தை எடுக்கப் போறோம்" என்றார் சிஸ்டர்.

"நாளைக்குத்தானுங்களே எடுக்கோணும்னீங்க?"

"இப்ப எடுக்கணும்."

அவர் முகம் செத்துப்போனது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தார்.

"கைவுட்டுட்டீங்களாங்க?"

"அப்படி இல்லைங்க."

"பாதியில எடுக்கறதுன்னா வேறென்னங்க? நேராச் சொல்லிப்போடுங்க. ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போயிக்கறேன். இல்லீன்னா முழுசா வெச்சுடுங்க. அவ படுத்துக்குவா. ஒரு வார்த்த பேச மாட்டா."

சிஸ்டர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. என்னிடம் திரும்பி, "கரண்ட் போனா ஏத்தற மேஜை விளக்கைக் கொண்டா. ரெண்டு கண்ணாடிச் சிம்னியும் கொண்டா" என்றார்.

கொண்டுவந்தேன். படிக்கட்டு மேடையில் வைத்து ஏற்றினார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கவுண்டர் பார்த்தார். "டாக்டரம்மாளுக்கு இந்த வெயிலு பத்தலீங்களாட்ட இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை.

ஒரு சிம்னி வயிறு பெருத்தது. இன்னொன்று ஒல்லி. பெரியதை மாட்டினார். கொஞ்சம் பொறுத்தார்.

"தொடுங்க."

கவுண்டர் உள்ளங்கையை வைத்தார். "வெதுவெதுன்னு இருக்குதுங்க."

பெரியதைக் கழற்றி ஒல்லியை மாட்டினார். மறுபடியும் அதே நேரம் பொறுத்தார்.

"தொடுங்க."

வைத்தவுடன் கையை இழுத்துக்கொண்டார். உதறினார்.

"தீயைக் கூட்டினேனா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க. திரி அதேதானுங்களே. நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்."

"கண்ணாடி தீக்குக் கிட்ட வந்துடுச்சு. அவ்வளவுதான்."

கவுண்டர் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாடியைப் பார்த்தார்.

"அவளுக்குள்ள இருக்கறது எந்தக் கண்ணாடிங்க?"

"சின்னது."

அவர் வழியை விட்டு ஒதுங்கினார்.

"எடுத்துப்போடுங்க" என்றார். பிறகு, "கட்டி மிஞ்சுனா?"

"மிஞ்சினா மறுபடியும் வைப்பேன். சதை வெந்துபோச்சுன்னா எங்கிட்ட வேற சதை இல்லைங்க."

ரேடியம் அறைக்குள் போனோம். நாச்சாத்தாள் மல்லாந்து படுத்திருந்தார். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தோம். அசையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் கண்ணு, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா?"

"நோவு இருக்குதாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமே தெரியலீங்க. நல்லாத் தூங்குனேன். இதுக்குப் போயி எல்லாரும் பயமுறுத்துனாங்க."

பொய் சொல்லவில்லை. ரேடியம் சுடும்போது தெரியாது. தெரிவதற்கு வாரக் கணக்கில் ஆகும், மாதக் கணக்கில் ஆகும். ரங்கம்மாள் அன்றைக்குக் கத்தாமல் இருந்ததும் அதனால்தான். அதைத்தான் நாங்கள் நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொண்டோம். நாச்சாத்தாளின் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. துணியை இழுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அடைப்பை எடுத்தார் டாக்டரம்மா. நூலை இழுத்தார். ஒன்று. இரண்டு. நடுவிலிருந்தது. நான் ஈயப் பெட்டியை நீட்டினேன். டாக்டரம்மா எண்ணினார். சிஸ்டர் எண்ணினார். நான் எண்ணினேன். சரியாக இருந்தது.

சிஸ்டர் பழக்கத்தில் மூடியை எடுத்தார்.

"கார்க்?" என்றார் டாக்டரம்மா.

சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு மேஜையிலிருந்த அளவுகோலை எடுத்துக் கார்க்கின் குறுக்கே வைத்தார். குனிந்து படித்தார்.

"முக்கால் அங்குலம்."

அந்த அறையில் கார்க்கின் அளவை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

5. ரங்கம்மாள் கேட்டது

கீழே இறங்கியபோதுதான் ரங்கம்மாள் ஞாபகம் வந்தது. திரைக்குப் பின்னால் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தோம். அவர் துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு, சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அத்தனை நேரமும் நின்றிருக்கிறார். அவருக்குக் கீழே தரையில் நனைந்திருந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் ஓடிப்போய் அவர் கையிலிருந்து முந்தானையைப் பிடுங்கினார். ரப்பர் துணியைப் பெஞ்சில் விரித்து உட்கார வைத்தார்.

டாக்டரம்மா அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அம்மணி, இது உங்க நோய் இல்லை. நோய் போயிடுச்சு. இது நாங்க வெச்ச சூடு. கணக்கு தப்பு. தப்பு என்னோடது."

அந்தக் காலத்தில் டாக்டர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் கேட்டதில்லை. ரங்கம்மாளும் கேட்டிருக்க மாட்டார். அவர் பயந்துபோனார்.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. உசுரக் குடுத்தீங்க."

"சின்னக் கார்க் வெச்சோம். மணியைக் குறைச்சிருக்கணும். குறைக்கலை."

ரங்கம்மாள் மாடிப் பக்கம் பார்த்தார்.

"மேல ஒருத்தரு இருக்காங்கன்னு ஓடுனீங்களே. அவங்களுக்குங்க?"

"எடுத்துட்டோம்."

"அப்பச் சரிங்க."

பிறகு கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சின்னது வெக்கச் சொன்னது என்ற ஊட்டுக்காரருங்க."

"முடிவு பண்ணினது நான். அவர் இல்லை" என்றார் டாக்டரம்மா.

"இருக்கட்டுங்க. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. தறிக்குழியில எறங்குனா பொழுதுக்கும் தனியாத்தானுங்க இருப்பாரு. அதையே நெனச்சுட்டிருப்பாரு. நோயினாலதான் இப்படின்னு சொல்லிப்போடுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க."

நிஜமாகவே கும்பிட்டார். டாக்டரம்மா அந்தக் கையைப் பிரித்துக் கீழே இறக்கினார். சரி என்று தலையை ஆட்டினார்.

கதவைத் திறந்தேன். வையாபுரி கக்கத்தில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். பிரித்தார். புது பெட்ஷீட். அவர் கையால் நெய்தது. சிவப்புக் கரை. நேராக சிஸ்டரிடம் போனார்.

"அன்னிக்கு என்ற பேச்சத் தட்டாம சின்னதா வெச்சீங்க. மத்தவங்கன்னா கேட்டிருப்பாங்களா? கட்டியும் போயிருச்சு. இப்ப ஏதோ கொஞ்சம் சீக்கு. அதுவும் நீங்க பாத்தாச் சரியாப் போகும். நாலு இழ சேத்தியே போட்டிருக்கனுங்க. அன்னிக்குச் சொன்னனில்லீங்க."

சிஸ்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கனமா இருக்கு" என்றார்.

"இருக்குமுங்க" என்றார் வையாபுரி சந்தோஷமாக.

சிஸ்டர் அன்றைக்கு ஓ.பி. முடியும் வரைக்கும் நின்றார். யார் சொல்லியும் உட்காரவில்லை. அந்த பெட்ஷீட்டை அவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ரேடியம் அறைக் கட்டிலில் விரித்தார்.

6. பிறகு

நாச்சாத்தாளுக்குச் சில வாரம் இடைவெளி விட்டார்கள். கட்டி பாதி சுருங்கியிருந்தது. சுருங்கியதில் இடம் கிடைத்தது. நடுத்தரக் கார்க் சரியாகப் போனது. அதற்கென்று டாக்டரம்மா புதிதாக மணி போட்டார். இந்தத் தடவை நாச்சாத்தாள் கத்தினார். என்னைத் திட்டினார். "உங்கை வெளங்காமப் போக" என்றார். சிஸ்டருக்கு அன்றைக்குத்தான் முகத்தில் ரத்தம் வந்தது.

அடுத்த வருஷம் வாழைத்தார் ஒன்றைக் கவுண்டர் தோளில் வைத்துக்கொண்டு வர, முன்னால் நாச்சாத்தாள் வந்தார். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் முதலில் பெஞ்சைத்தான் பார்த்தேன். காய்ந்திருந்தது. கவுண்டர் என்னிடம், "ஏனுங்க, அந்த ஒல்லிக் கண்ணாடிய ஒடச்சுப் போட்டீங்களா இல்லையா?" என்று கேட்டார்.

உடைக்கவில்லை. சின்னக் கார்க்கும் வேண்டியிருந்தது. சிலருக்கு அதுதான் போகும். வைத்தோம். ஆனால் அதற்கு வேறு மணி. ரேடியத்தை எண்ணுவதுபோல் கார்க்கின் அளவையும் மூன்று பேர் சத்தமாகச் சொன்ன பிறகுதான் வைத்தோம். நான் வேலையை விடும் வரைக்கும் அப்படித்தான்.

ரங்கம்மாளுக்குக் கட்டி திரும்ப வரவில்லை. ஓட்டையும் மூடவில்லை. ரேடியத்தில் வெந்த சதையில் தையல் நிற்காது. ஒரு தரம் தைத்துப் பார்த்தார் டாக்டரம்மா. பிரிந்துவிட்டது. வருஷா வருஷம் வந்து காட்டினார். ஓ.பி.யில் அவருக்கென்று ரப்பர் துணி விரித்து வைப்பேன். நான் சொன்னால் உட்காருவார். நான் அந்தப் பக்கம் போனால் எழுந்துவிடுவார். வையாபுரி கடைசி வரைக்கும் சிஸ்டரைப் பார்த்தால் கும்பிடுவார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா, சிஸ்டர், ரங்கம்மாள், வையாபுரி, நான்கு பேரும் இன்றைக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வலது கை விரல் நுனி இரண்டு மரத்துப்போய்விட்டது. இடுக்கி பிடித்த கை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். சின்னது என்றால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். கத்தாதவர்களுக்கு நோவில்லை என்று நினைக்காதீர்கள். கையில் எடுத்ததன் அளவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெரிய கார்க் குறுக்காக ஒன்றேகால் அங்குலம். சின்னது முக்கால். ரேடியம் நட்டநடுவில். ரேடியத்திலிருந்து ரங்கம்மாளின் சதை எவ்வளவு தள்ளி இருந்திருக்க வேண்டுமோ, அதில் குறைந்தது:

கால் அங்குலம்.